மடிப்பம்மாவுக்குச் சிறப்பு அனுமதி கேட்டு

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் என் பெண்ணும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருக்கும் பேரனும் சௌக்கியமாயிருக்க வேண்டும் என்ற நினைப்போடு பேனாவைத் திறக்கிறேன். போன வாரம் போனில் நான் இழுத்து இழுத்துப் பேசியபோது, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சம்பந்தி, வாயால சொல்றதெல்லாம் அரசாங்கத்துல வெறும் காத்து" என்று தாங்கள் சொன்னீர்கள். முப்பத்தாறு வருஷம் நிதித்துறையில் இருந்தவர்; ஓய்வு பெற்ற பிறகும் அரசாங்கம் விடாமல் கூப்பிட்டு வெளிநாட்டுத் தொழிலாளர் குழுவுக்குத் தலைவராக உட்கார்த்தி வைத்திருப்பவர்; தாங்கள் சொன்னால் மறுபேச்சு ஏது? ஆகவே எழுத்தில் தருகிறேன். இது குடும்பக் கடிதம் இல்லை, விண்ணப்பம். குடும்பக் கடிதமும்தான். எது எங்கே முடிகிறது என்று எனக்கே பிடிபடவில்லை, தாங்கள் சிவப்பு மையால் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

என் சலவை நிலையத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்த வெளிநாட்டு அம்மாளை மறுபடி இங்கே வரவழைக்கச் சிறப்பு அனுமதி வேண்டும். மடிப்பம்மா என்று கூப்பிடுவோமே, அவர்தான். தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கல்யாணத்தன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள ஓடியபோது, மேஜைவிரிப்பில் கொட்டியிருந்த காபிக் கறையை உப்புத் தண்ணீர் வைத்து ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாரே, "இந்தம்மா யாரு?" என்று தாங்கள்கூடக் கேட்டீர்கள். "நம்ம நிலையத்துல வேலை செய்யறவங்க" என்றேன். அவருக்காகத்தான் இந்த விண்ணப்பம். தாங்கள் உணர்ச்சிக்கு மசிகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நான் கருவூலத்துக்கு வந்த நஷ்டத்தைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன். சொந்த நஷ்டம் எதுவும் எனக்கு இல்லை.

தங்கள் குழுவின் அறிக்கை போன வருஷம் வந்தது. வெளிநாட்டு ஆளை வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொரு ஆளுக்கும் வருஷத்துக்கு எட்டு மாசச் சம்பளத்தைக் கட்டணமாகக் கருவூலத்தில் கட்ட வேண்டும். பத்து வருஷம் தாண்டியவர்களுக்கு அனுமதியைப் புதுப்பிக்கவே வேண்டாம், ஏனென்றால் அதற்கு மேல் விட்டால் வயசான காலத்தில் ஓய்வூதியம் கொடுக்க வேண்டிவரும், அது சுமை. ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பியிருந்தீர்கள். முழுவதும் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. "நம்ம சம்பந்தி என்னமா எழுதியிருக்கார் பாரு" என்று மடிப்பம்மாவிடமே காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கங்களைப் புரட்டி, "காகிதம் நல்ல காகிதம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதலில் போனவர்கள் மெஷின் பார்த்த அண்ணன் தம்பி இருவர். பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவோம். சின்னவனுக்கே நாற்பது வயசு. ஆஸ்பத்திரியிலிருந்து காலை ஆறு மணிக்குப் பச்சைப் பையில் சாதாரண அழுக்கும் சிவப்புப் பையில் தொற்று அழுக்கும் வரும். சிவப்புப் பையைக் கையுறை போட்டுப் பிரித்து, கொதிநீரில் இரண்டு தடவை போட்டு எடுக்க வேண்டும். அந்த வேலையை முகம் சுளிக்காமல் ஏழு வருஷம் பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் கட்டணம் கட்ட என்னால் ஆகவில்லை. கட்டியிருந்தால் பாய்லருக்கு எண்ணெய் வாங்கியிருக்க முடியாது. சின்னவன் மட்டும், "ஐயா, நாங்க யாருக்கு என்ன சுமை?" என்று கேட்டான். தங்கள் அறிக்கையைப் பிரித்துக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காட்டவில்லை. அவர்கள் குடியிருந்த அறைக்கு இன்றுவரை வேறு குடித்தனம் வரவில்லை. வீட்டுக்காரர் வாடகை வரி கட்டுவதை நிறுத்திவிட்டார். இதையும் கருவூலத்தின் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து மடிப்பம்மாவின் அனுமதி முடிந்தது. அனுமதி அலுவலகத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மாள் நல்லவர், தன்னால் ஆனதெல்லாம் கேட்டுப் பார்த்தார், விதியில் வழியில்லை என்று தெரிந்தது, திரும்பி வந்துவிட்டோம். பதினோரு வருஷமாக அவர் சம்பளத்தில் மாசாமாசம் ஓய்வூதியத்துக்கென்று பிடித்தார்களே, போகிறவருக்கு அதையாவது கொடுங்கள் என்று பக்கத்துக் கவுண்டரில் கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுக்க விதி இல்லையாம். நான் குரலை உயர்த்தினேன். மடிப்பம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "விடுங்க. யாராவது வயசானவங்களுக்கு உதவும்" என்றார். ஓய்வூதியம் சுமையாகிவிடும் என்று அனுப்பப்படுகிறவர் சொன்னது இது. அதிகாரியும் அதை ஏதோ தாளில் குறித்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை.

போவதற்கு முன் இருந்த இரண்டு வாரமும் அவர் வேலையை நிறுத்தவில்லை. வரப்போகிற புது ஆளுக்குத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் சீட்டு எழுதி ஒட்டினார். நம் எழுத்தை அவர் நம்மைவிட அழகாக எழுதுவார். "இது ஆபரேஷன் தியேட்டர் துணி, கை கழுவிவிட்டுத் தொடவும்." "இது குழந்தைகள் வார்டு, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவும்." "இந்தத் தட்டு ஆடும், அதிகம் வைக்க வேண்டாம்." பஸ் ஏற்றிவிடப் போனபோது, சுருக்கமில்லாமல் மடித்த கைக்குட்டைகள் ஆறு கொடுத்தார். "அழுக்கானா வெந்நீர்ல போடாதீங்க" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரிய வேண்டிய பொருளாதாரம். உள்ளூர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தேன். முதலில் வந்தவர் நீராவியைப் பார்த்துவிட்டு, "ஏசி எந்தப் பக்கம்?" என்று கேட்டார், சொன்னதும் போய்விட்டார். இரண்டாவது வந்தவர் சிவப்புப் பையைப் பிரித்தார், பிரித்த வேகத்தில் மூடினார், அவரும் போய்விட்டார், என் கையுறையோடு. இதைக் கேள்விப்பட்டு, "உள்ளூர்ல ஆளா இல்லை? நான் அனுப்பறேன் பாருங்க" என்று தாங்கள் பெருந்தன்மையோடு தங்கள் மைத்துனரையே அனுப்பி வைத்தீர்கள். அவரைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம், சம்பந்தி அம்மாளிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டவும் வேண்டாம். நாற்பத்துமூன்று வயசில் முதல்முதலாக ஒரு வேலைக்கு வந்த மனிதர், நேரத்துக்கு வந்தார், நல்ல மனசு. இரண்டாம் நாள் யாருடைய சிவப்புக் கம்பளியையோ ஆஸ்பத்திரி விரிப்புகளோடு சேர்த்துக் கொதிநீரில் போட்டுவிட்டார். கதவைத் திறந்தால் இருநூறு விரிப்பும் ரோஜா நிறம். டாக்டர்களின் அங்கிகளும் அதே நிறம். "வெள்ளையைத் தனியா போடணும்னு யாரும் சொல்லலையே மாமா" என்றார். சொல்லத்தான் இல்லை, ஆனால் அலமாரியிலிருந்து மெஷின்வரை சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாராம்.

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் போன் செய்தார். "ஐயா, இது பிரசவ வார்டு இல்லை, எலும்பு முறிவு வார்டு. தொடை உடைஞ்சு படுத்திருக்கிற லாரி டிரைவர் எல்லாம் ரோஸ் பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு என்னைத் திட்டறாங்க" என்றார். வெளுத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். வெளுக்கும் மருந்து அதிகமாகிப் பாதி விரிப்பு கையோடு கிழிந்தது. மிச்சத்தைத் தேய்ப்பு உருளையில் விடும்போது தங்கள் மைத்துனருக்கு விரலில் சூடு பட்டது. நானே தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே அவரைப் படுக்க வைக்க விரிப்பு இல்லை. நான் கொடுத்தால்தானே இருக்கும்! இப்போது அவர் விரல் ஆறிவிட்டது, தங்கமான மனிதர், மறுநாளே கட்டோடு வேலைக்கு வந்து நின்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, துணியெல்லாவற்றையும் நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய சலவைத் தொழிற்சாலைக்கு லாரியில் அனுப்பத் தொடங்கினார்கள். என்னிடம் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு செலவு. அந்தச் செலவைக் கொடுப்பது அரசாங்கம். அரசாங்கத்துக்குக் கொடுப்பது தங்கள் கருவூலம். லாரி வராத நாளில் தியேட்டருக்குத் துணி இல்லை, அறுவை சிகிச்சை ஒத்திவைப்பு. தங்கள் குடலிறக்க ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிவைத்தார்களே, "ஆஸ்பத்திரியில யாருக்கும் பொறுப்பே இல்லை" என்று தாங்கள் என் பெண்ணிடம் வருத்தப்பட்டீர்களாமே, அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை சம்பந்தி. டாக்டர் வந்திருந்தார், மயக்க மருந்துக்காரர் வந்திருந்தார், கத்தியும் தயாராக இருந்தது. தங்கள் மேல் போர்த்தத்தான் துணி இல்லை.

இன்னும் கேளுங்கள். இந்த ஊரிலேயே அதிகமாகத் தண்ணீர் வாங்கியது என் நிலையம்தான். இப்போது நான் வாங்குவது ஒரு வீட்டுக்காரன் வாங்குகிற அளவு. குடிநீர் அலுவலகத்தில் துண்டு விழுந்துவிட்டது. அதை ஈடுகட்ட எல்லா வீட்டுக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். தங்கள் வீட்டுக்கும்தான். வெளிநாட்டு ஆட்களுக்கான கட்டணத்தை வசூலிக்க நம் கடைத்தெருவில் ஒரு அலுவலகம் திறந்தார்களே, அங்கே மூன்று பேர் வேலைக்கு இருக்கிறார்கள். யாருக்காகக் கட்ட வேண்டுமோ அவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டதால், வசூல் பண்ண யாரும் இல்லை. மூன்று பேரும் காலையில் வந்து ஜன்னலைத் திறந்து, மாலையில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஜன்னல் திரையை என்னிடம் துவைக்க அனுப்பினார்கள். ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைக்கவில்லை.

கடைசியாக மடிப்பு. இதைத் தாங்கள் நேரில் பார்த்தால்தான் புரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பெரிய விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, இவர் கையில் இருப்பதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு என்றால் இருநூறு தடவை நடந்து வர வேண்டும். பதினோரு வருஷம் அந்தப் பக்கம் அவர் நின்றார், இந்தப் பக்கம் நான் நின்றேன். முதலாளி எதற்கு நின்று மடிக்கிறான் என்று தாங்கள் கேட்கலாம். ஆள் பற்றாக்குறை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் நம் பேச்சைக் கற்றதே அப்படித்தான், நடந்து வருகிறபோது ஒரு வார்த்தை, திரும்பிப் போகிறபோது ஒரு வார்த்தை. என் மனைவி காலமான பிறகு மூன்று வருஷம் நான் யாரோடும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். நான் கற்றுக்கொடுத்தேனா, அவர் எனக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தாரா, தெரியாது. இப்போது விரிப்பின் ஒரு பக்கத்தைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு நானே மடித்துப் பார்க்கிறேன். நடந்து கதவருகே போனால் கதவு சும்மா இருக்கிறது. இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடுங்கள். வேலைத்திறன் குறைந்துவிட்டது என்பதுதான் சாரம்.

மாசக் கடைசிக்குள் ஒழுங்காகத் துவைத்துக் கொடுத்தால் ஒப்பந்தத்தை மறுபடி தருவதாக ஆஸ்பத்திரி சொல்லியிருக்கிறது. ஆகவே கருவூலத்தின் நன்மையை மட்டும் கருதி, மேற்படி அம்மாளுக்குச் சிறப்பு அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் மனசு வைத்தால் ஒரு கையெழுத்தில் முடியும்.

தங்கள் வயிற்றுத் தையல் சீக்கிரம் ஆறட்டும். கனமான எதையும் தூக்க வேண்டாம், அறிக்கைகளைக்கூட. சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையும் பெண்ணும் நீண்ட காலம் ஒருவருக்கொருவர் துணையாய் இருக்க என் ஆசி. பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று.

என்றும் தங்கள் உறவை மதிக்கும்,
தங்கள் சம்பந்தி,
சலவை நிலையம்.

பின்குறிப்பு:

மேலே உள்ளதை முந்தாநாள் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இன்று காலை உறையைப் பிரித்துவிட்டேன். விதியில் வழியில்லை என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். வழி இருந்தது.

அந்த அதிகாரி அம்மாள் தாளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, இந்த நாட்டுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. கட்டணமும் இல்லை, பத்து வருஷக் கணக்கும் இல்லை. கேக்கறதுக்கு மன்னிச்சுக்குங்க, உங்களுக்கும் இந்தம்மாவுக்கும் ஏதாவது...? இப்ப இல்லைன்னாலும் பரவாயில்லை, செய்துக்கப் போறோம்னு சொன்னாக்கூட மூணு மாசம் தவணை போட்டுத் தருவேன்" என்றார். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். நான் சிரித்தேன் சம்பந்தி. "சே சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வேலை செய்யறவங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நொடியில் தங்கள் முகம்தான் கண்முன் வந்தது. இந்த வயசில் இப்படி ஒரு காரியம் செய்தால் சம்பந்தி வீட்டில் என் பெண் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்று தோன்றியது. திரும்பி வரும் வழியில் நான் என்னென்னவோ பேசினேன். அவள், "அவங்க கேட்டாங்க, நீங்க பதில் சொன்னீங்க. அவ்வளவுதானே" என்றாள்.

நேற்று என் பெண்ணிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். "அப்பா, இதைச் சொல்லத்தான் கூப்பிடறீங்கன்னு ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நினைச்சேன். மாமாகூடக் கல்யாணத்தன்னிக்கே கேட்டாரு, 'உங்கப்பா அந்தம்மாவை எப்பக் கட்டிக்கப் போறாரு, நல்ல மாதிரித் தெரியறாங்களே'ன்னு" என்றாள்.

தாங்கள் கேட்டீர்களாம். என்னிடம் கேட்டிருக்கலாமே சம்பந்தி.

அண்ணன் தம்பியைப் பற்றியும், ஆஸ்பத்திரியைப் பற்றியும், தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றியும் எழுதியது எழுதியபடி நிற்கட்டும், அதெல்லாம் தங்கள் பொறுப்பு. மடிப்பம்மாவைப் பற்றியதை மட்டும் அடித்துவிடுங்கள். அவளை அனுப்பியது கருவூலம் இல்லை. நான்.

இன்று காலை அவளுக்குப் போன் செய்தேன். அவள் ஊரில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் இருக்கிறாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அன்று கவுண்டரில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். வாய் குழறியது, ஆனாலும் முழுவதும் சொல்லிவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அன்னிக்கு அந்தம்மா கேட்டப்போ நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். இப்ப குரல் மட்டும்தான் வருது" என்றாள். "வேலை கிடக்கு, வைக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

நிலையத்தின் சாவியைத் தங்கள் மைத்துனரிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார். நான் வியாழக்கிழமை புறப்படுகிறேன். அவள் நாட்டு அதிகாரிகளும் தங்கள் குழுவைப்போலத்தான் இருக்கிறார்கள். வருகிறவன் அங்கேயே தங்கிவிட மாட்டான் என்பதற்கு அத்தாட்சியாகத் திரும்பி வரும் டிக்கெட்டையும் காட்ட வேண்டுமாம். திரும்பும் தேதி என்ன போடட்டும் என்று ஏஜெண்ட் கேட்டார். எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள் என்றேன். தொண்ணூறு நாளுக்கு மேல் விதி இடம் கொடுக்காது என்றார். தொண்ணூறாவது நாளையே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.